தொட்டிக்குப் போட்ட கறி

கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷோத்தமன் தன் மனைவியிடம் பேசியதில் முக்கால் பங்கு மீன் தொட்டியைப் பற்றியது. மீதிக் கால் பங்கு, 'குழம்புல உப்பு தூக்கல்', 'பஸ்ஸுக்கு நேரமாச்சு' வகை. ரத்னா இதைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை. வாலாஜாபாத்தில் அவள் அக்காள் புருஷன் வாயைத் திறந்தாலே சண்டைதான். அதற்கு மீன் எவ்வளவோ மேல்.

தொட்டி கூடத்தில் இருந்தது. நாலடி நீளக் கண்ணாடித் தொட்டி, உள்ளே கடல் தண்ணீர். சிநேகிதன் ஒருவனுடைய டெம்போ கோவளம் பக்கம் போகும்போதெல்லாம் பால் கேன்களில் மொண்டு வந்தது. அவர்கள் ஊரான தண்டலத்தில் இருப்பவர்கள் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் மாறி மாறிப் போக வேண்டும். இல்லையென்றால் புருஷோத்தமன் வீட்டுக்கு வந்தால் போதும். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரியும் ஓர் இறால், பாறைமேல் ஒட்டிய, காளான் வடிவக் கடல் உயிர்கள், நடுவில் சேம்பிலை போல விரிந்து மடியும் மெத்தென்ற ஒரு பவளம். எல்லாம் மண்டபம் என்ற கடலோர ஊரிலிருந்து தெர்மோகோல் பெட்டியில் ரயிலேறி வந்தவை. பவளம் என்றால் மோதிரத்தில் பதிக்கும் கல் என்று நினைத்திருந்த ரத்னாவுக்கு, அது உயிருள்ளது, வாயுள்ளது, சாப்பிடும் என்று சொன்னவன் புருஷோத்தமன்தான். அவள் அதற்கு 'யானைக்காது' என்று பெயர் வைத்தாள். மறுநாளிலிருந்து அவனும் அப்படியே சொல்ல ஆரம்பித்தான். அவர்களுக்குள் நடந்த முதல் கொஞ்சல் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அவனுக்கு நெடுஞ்சாலை ஓரத்து மருந்து கம்பெனி ஒன்றில் வேலை. தண்ணீர் சுத்தம் செய்யும் பிரிவு. கம்பெனித் தண்ணீரைக் கவனித்த கையோடு வீட்டுக்கு வந்து தொட்டித் தண்ணீரைக் கவனிப்பான். ஞாயிற்றுக்கிழமை பழைய தண்ணீரைக் கொஞ்சம் இறைத்துவிட்டுப் புதுசு ஊற்றும்போது, ரப்பர் குழாயின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் அவன் பேசிக்கொண்டே இருப்பான்.

"இந்தத் தண்ணி ஏன் மஞ்சளாவுது தெரியுமா? எல்லாம் இதுங்க போடற கழிவு. யானைக்காது வேற தன் பங்குக்கு ஒரு விஷத்தைக் கக்கும், பக்கத்துல எதுவும் வளரக் கூடாதுன்னு. அம்மாஞ்சி மாதிரி ஒக்காந்துகினு இன்னா வேலை பண்ணுது பாரு. அதையெல்லாம் கார்பன்தான் இழுத்து வெச்சுக்கும். ஆக்டிவேட்டட் கார்பன். மூணு வாரம் போனா அதுக்கும் தெம்பு போயிடும், மாத்திடணும்."

ரத்னா தலையாட்டுவாள். அவளுக்குத் தெரிந்த கார்பன், டைப்ரைட்டிங் வகுப்பில் இரண்டு தாளுக்கு நடுவே சொருகும் நீலக் காகிதம். காகிதம் எப்படித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. குறுக்கே கேட்டால் பேச்சு நின்றுவிடுமோ என்று பயம். தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் ஒரு சின்னப் பெட்டி. பம்ப் இழுக்கும் தண்ணீர் அதில் விழுந்து வடிந்து திரும்பவும் தொட்டிக்குள் வரும். அந்தப் பெட்டிக்குள் அவன் என்னமோ செய்யும் நேரத்தில் அவள் கொல்லையில் கேன் கழுவிக்கொண்டிருப்பாள்.

புரட்டாசி பிறந்ததும் கம்பெனி அவனைப் பூனாவுக்கு அனுப்பியது. புதிதாக வரப்போகும் மெஷினைப் பழகிக்கொண்டு கடைசி சனிக்கிழமைக்குள் திரும்பிவிட வேண்டும். கிளம்புகிற அன்று, எத்தனை சிட்டிகை தீனி, எப்போது விளக்கு, வற்றிய தண்ணீருக்கு எந்தக் கோடுவரை நிரப்புவது என்று எல்லாவற்றையும் அவளைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டான். வாசல்படியில் செருப்பை மாட்டும்போது ஒரு தரம் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று இருந்தது.

"தொட்டிய பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவளும் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் கரண்ட் போய் பம்ப் நின்றபோது, கரண்ட் வரும்வரை சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். அப்போதுதான் ஒன்று புரிந்தது. இந்தத் தொட்டி செத்துவிட்டால், பிறகு அவன் தன்னிடம் பேச எதுவும் இருக்காது. ஒரு கண்ணாடிப் பெட்டியும் ரெண்டு மீனும்தான் தன் குடித்தனத்தைத் தாங்கிக்கொண்டு நிற்கின்றன என்று தெரிந்தபின் அவள் சொம்பைக் கீழே வைக்கவே இல்லை.

அவர்கள் வீட்டில் போன் கிடையாது. மளிகைக்கடை ராஜாமணியின் நம்பரைத்தான் பக்கத்தில், கூப்பிட்டு விடச் சொல்லும் 'பி.பி.' என்று போட்டு எல்லாரிடமும் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் பெருங்காயம் வாங்கப் போனவளை ராஜாமணி கையைத் தட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்கூட்டுக்காரரு பேசினாரு, பூனாவுலேர்ந்து. மீட்டரு ஓடுதுன்னு படபடன்னு சொன்னாரு. பாதியில லைன் கட்டாயிடிச்சி."

"என்னைக் கூப்ட்டிருக்கலாமே அண்ணா?"

"உன்னக் கூப்ட ஆளு அனுப்பறதுக்குள்ள மீட்டரு பம்பாய் வரைக்கும் ஓடிடும். விசயம் இன்னான்னா, தொட்டிக்குக் கறி போடணுமாம்."

"கறியா?"

"அதான் நானும் கேட்டேன். கறியா சார்னேன். ஆமாங்க, கறிதான்னாரு. மூணு வாரத்துக்கு மேல ஆயிடிச்சாம். நல்லா கழுவி, துணிப்பையில கட்டி, பின்னால தண்ணி வுழற பெட்டி கீதே, அதுல வெக்கணுமாம். மறந்துட்டா ஒண்ணொண்ணா செத்துடுமாம்." ராஜாமணி குரலை இறக்கினார். "புரட்டாசியும் அதுவுமா, உங்க மாமியாரு இருக்கற வூட்ல... நான் யாரான்ட சொல்லப் போறேன், போ."

மாமியார் சின்னப்பொண்ணு புரட்டாசியில் முட்டை என்ற சொல்லையே வீட்டுக்குள் விடாதவள். மாதம் பிறக்கும் முன்பே பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி, வீடு முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்து, தினமும் காலையில் பெருமாள் கோயிலுக்குப் போய்த் துளசித் தீர்த்தம் வாங்கி வந்த பிறகுதான் காபியே குடிப்பாள். மீன் தொட்டியை அவள் பொறுத்துக்கொண்டதுகூட, "அதுங்க உசுரோட கீதுங்க, குழம்புல இல்லியே" என்ற கணக்கில்தான்.

ரத்னா வீட்டுக்கு வந்து தொட்டிமுன் நின்றாள். தண்ணீர் லேசாக மஞ்சள் தட்டியிருந்தது. யானைக்காதுக்கு வாய் உண்டு, சாப்பிடும் என்று அவனே சொல்லியிருக்கிறான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதற்கு விருந்து போலிருக்கிறது. கழுவி, துணியில் கட்டி என்று பக்குவம்கூடச் சொல்லியிருக்கிறான். அவன் தங்கியிருந்த இடத்தில் போன் இல்லை. அவனாகக் கூப்பிட்டால்தான் உண்டு. மறுபடி கூப்பிடும்வரை காத்திருந்தால் அதற்குள் ஒன்று செத்துவிட்டால்?

பக்கத்து வீட்டு லூர்தம்மாளுக்குப் புரட்டாசிக் கவலை இல்லை. கம்பெனி கேன்டீனில் வேலை பார்ப்பவள். ஞாயிறு பூசை முடிந்து வரும் வழியில் கறிக்கடைக்குப் போவாள். ரத்னா வேலி ஓரம் நின்று விஷயத்தைச் சொன்னதும் மூக்கில் விரலை வைத்தாள்.

"இன்னாடி சொல்ற, மீனுக்கு ஆட்டுக்கறியா? எங்க வூட்டு ஆளுக்கே வாரத்துல ஒரு நாளுதான்."

"அவரே போன் பண்ணிச் சொன்னாருக்கா."

"அப்ப சரி, ஆம்பள சொல்லிட்டாரு. கொத்துக்கறியா, துண்டா?"

ரத்னா யோசித்தாள். "தொடைக்கறியா வாங்கியாங்கக்கா. எலும்பில்லாம. அவரு வந்து கொறை சொல்லக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை சின்னப்பொண்ணு கோயிலுக்குப் போன நேரத்தில், தேக்கிலைப் பொட்டலம் வேலியைத் தாண்டி வந்தது. ரத்னா அதைக் கொல்லையில் வைத்து ரத்தம் போகக் கழுவினாள். புரட்டாசி மாதம் கறியைத் தொட்டாயிற்று. மனசுக்குள் பெருமாளிடம் ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டாள். புருஷோத்தமனுடைய பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்துப் பையாக முடிந்து, கறியைக் கட்டி, தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு, தண்ணீர் விழும் இடத்தில் இறக்கினாள். அடியில் மெத்தென்று வேறு ஏதோ விரலில் பட்டது. அவசரத்தில் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல ஆகியிருந்தது. வாசலைத் தாண்டி உள்ளே வந்த சின்னப்பொண்ணு மூக்கைச் சுருக்கினாள்.

"எங்கியோ எலி செத்துக் கெடக்குதுடி."

"எனக்குத் தெரியலியே அத்தை."

"உனக்கு ஜலதோசம் புடிச்சிருக்கும். புரட்டாசில பொணநாத்தம் வூட்ல இருக்கலாமா? ஏணிய எடு."

அன்று பகல் முழுக்க சின்னப்பொண்ணு எலி தேடினாள். பரணில் இருந்த அண்டா, குண்டான், சுளகு, கிழிந்த பாய், புருஷோத்தமனின் டப்பாக்கள் எல்லாம் முற்றத்துக்கு இறங்கின. அவள் பரணைத் தேட, ரத்னா தொட்டியைப் பார்த்தபடி நின்றாள். இறால் மல்லாந்து கிடந்தது. காளான்களில் இரண்டு கரைந்துவிட்டன. இரண்டு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. யானைக்காது அழுக்குத்துணி மாதிரித் தொங்கியது.

மறுநாள் மாமியார் கோயிலுக்குப் போனதும், ரத்னா லூர்தம்மாளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி அந்தப் பெட்டியைத் திறந்தாள். கறிப்பையை ஒரு குச்சியால் தூக்கி வெளியே எடுத்தாள். அதன் அடியில் இன்னொரு பை இருந்தது. அதே வேட்டித்துணி, அதே மாதிரி முடிச்சு. முடிச்சு போட்டது புருஷோத்தமன். உள்ளே கறுப்பாக, மிளகைவிடச் சின்னதாக, கை நிறையத் துணுக்குகள்.

லூர்தம்மாள் குனிந்து ஒன்றை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். "இன்னாடி இது, கரியா?"

"கரி மாதிரிதான் கீதுக்கா. கரி..."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான். எழுதிக் காட்டினால் ஒரு எழுத்து வித்தியாசம். ராஜாமணி எழுதிக் காட்டவில்லை.

லூர்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "அடப்பாவி, எலும்பில்லாம வேற கேட்டியேடி!" என்று சிரித்து, சிரிப்பு அடங்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரத்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் எப்போதும் கார்பன் என்றுதானே சொன்னான், கரி என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லையே என்று நினைத்தாள். பிறகு, மளிகைக்கடைக்காரருக்கு கார்பன் புரியாது என்று பார்த்துத் தமிழில் சொல்லியிருக்கிறான் என்பதும் புரிந்தது.

"இஸ்திரிக்காரன்ட்ட கரி வாங்கியாரட்டா?" என்றாள் லூர்தம்மாள்.

"வாணாம்க்கா. ஒரு தரம் வாங்கினதே போதும்."

இதே கறுப்புத் துணுக்கு வீட்டில் எங்கோ இருந்தாக வேண்டும். முற்றத்தில் பரணிலிருந்து இறங்கிய சாமான்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கிடைக்கவில்லை. அதற்குள் சின்னப்பொண்ணு கோயிலிலிருந்து வந்துவிட்டாள். லூர்தம்மாள் வேலி வழியாக மறைந்தாள். சின்னப்பொண்ணு சாமி மாடத்தருகே உட்கார்ந்து தூபக்காலை ஊதி ஊதிப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு நீல டப்பா.

"நாத்தத்துக்கு சாம்பிராணி போடலாம்னா இந்தக் கரி புடிக்கவே மாட்டேங்குது. இன்னா கரியோ, உன் புருசன் டப்பா டப்பாவா வாங்கி வெச்சிருக்கான்."

"அதைக் குடுங்க அத்தை. அது சாம்பிராணிக்கு இல்ல."

மாமியார் கையிலிருந்து அவள் எதையும் அப்படிப் பிடுங்கியதில்லை. சின்னப்பொண்ணு ஆச்சரியத்தில் கொடுத்துவிட்டாள்.

ரத்னா கரியைக் கழுவினாள். கறுப்புத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. விடாமல், தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவினாள். ஒரு பிடிக்குப் பதிலாகப் பயத்தில் பல பிடி அள்ளிப் பையில் கட்டினாள். கொல்லையில் மூடி வைத்திருந்த கேன்களைச் சாய்த்து, குழாயின் இரண்டு முனைகளையும் தானே பிடித்துக்கொண்டு, பாதித் தண்ணீரை மாற்றினாள்.

வியாழக்கிழமை நாற்றம் இல்லை. தண்ணீர் தெளிந்துவிட்டது. அப்படி ஒரு தெளிவை அவள் பார்த்ததே இல்லை. தொட்டிக்குப் பின்னால் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடம்கூடத் தெரிந்தது. மீன்கள் இரண்டும் ஓடி விளையாடின. யானைக்காது மட்டும் உள்ளுக்குள் சுருட்டிக்கொண்டு, இருந்ததில் பாதி அளவுக்குக் குறுகி நின்றது. வெள்ளிக்கிழமையும் விரியவில்லை.

"நாத்தம் நின்னுடிச்சி. ஆனா எலி எங்க போச்சு? அது தெரியாம எனக்குச் சோறு எறங்காது" என்றாள் சின்னப்பொண்ணு.

சனிக்கிழமை காலை புருஷோத்தமன் வந்தான். பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த சட்டை கசங்கியிருந்தது. உள்ளே அம்மா பெருமாளுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தாள். அவன் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டிமுன் போய் நின்றான். ரத்னா சமையற்கட்டு வாசலில் நின்றபடி அவன் முதுகைப் பார்த்தாள்.

"இன்னா இவ்ளோ தெளிவா கீது?" என்றான். பிறகு, "எறா எங்க?"

ரத்னா கிட்டே வந்தாள். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததில் ஒரு வரிதான் மிச்சமிருந்தது. "நீங்க போன்ல சொன்னீங்கன்னு கறி போட்டேன்."

"ராஜாமணி சொல்லிட்டாரா? நல்லவேளை. லைன் கட்டாச்சே, சொன்னாரோ இல்லியோன்னு பூனாவுல தூக்கமே இல்ல. கரி எவ்ளோ போட்ட?"

அவன் காதில் விழுந்தது வேறு என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். இறால் செத்துவிட்டது, காளான் கரைந்துவிட்டது என்று மட்டும் சொன்னால் போதும், நம்பிவிடுவான். அவள் பொய் சொன்னதாகவும் ஆகாது. அவன் பாட்டுக்குத் தொட்டியைப் பற்றிப் பேசுவான், அவள் பாட்டுக்குத் தலையாட்டுவாள்.

"கால் கிலோ" என்றாள்.

"கால் கிலோவா! ஒரு கைப்பிடி போதுமே. கழுவினியா?"

"மூணு தண்ணில கழுவினேன்."

"கறுப்பெல்லாம் போச்சா?"

"கறுப்பு ஏது? ரத்தம்தான் போச்சு."

புருஷோத்தமன் திரும்பினான்.

"லூர்தம்மாக்கா வாங்கியாந்தாங்க. தொடைக்கறி. எலும்பு இல்லாம."

சமையற்கட்டில் வடை எண்ணெயில் விழும் சத்தம் கேட்டது. அவன் பையைக் கீழே வைத்தான். தொட்டியைப் பார்த்தான், பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தான், சமையற்கட்டுப் பக்கம் பார்த்தான்.

"புரட்டாசிலயா?" என்றான் மெதுவாக.

"ஆமா."

"இந்த வூட்டுக்குள்ளயா?"

"உங்க வேட்டில கட்டி."

"எங்கம்மா?"

"எலி செத்துடிச்சின்னு பரணைப் பூரா எறக்கிட்டாங்க. உங்க கரியில சாம்பிராணி போடப் பாத்தாங்க."

அவன் தோள் ஆடியது. அழுகிறானோ என்று ரத்னா பயந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரிப்பு நின்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யானைக்காதின் எதிரே குனிந்தான்.

"பயத்துல கரிய பல பிடி போட்டுட்டேன். செத்துடுமாங்க அது?"

"சாவாது. நெறைய கரி போட்டு ஒரே நாள்ல தண்ணிய தெளிய வெச்சிட்டல்ல? இத்தன நாளு மஞ்சத் தண்ணிலயே இருந்துச்சி. திடீர்னு வெளிச்சம் அதும்மேல நேரா வுழுந்ததும் தாங்கல. ரெண்டு மூணு நாளு வெளக்கு மேல துணி போட்டு மூடி வெக்கலாம். மெதுவா பழகிக்கும்." அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து விளக்கின் மேல் போர்த்தினான். தொட்டி மங்கலாயிற்று.

"கார்பன்னா இன்னாங்க?" என்று ரத்னா கேட்டாள்.

"ஆறு மாசமா தலையாட்டினியே!"

"டைப்ரைட்டிங் கார்பன்னு நெனச்சேன். நீலப் பேப்பர்."

"பேப்பரை எதுக்குடி தண்ணில போடப் போறேன்?"

"எனக்கு இன்னா தெரியும்? நீங்கதான எல்லாம் தெரிஞ்சவரு. கறியப் போடுன்னாலும் போடறேன், பேப்பரப் போடுன்னாலும் போடறேன்."

அவன் தொட்டியை விட்டு அவள் பக்கம் திரும்பினான். அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை. "கொட்டாங்குச்சிதான்" என்றான். "சுட்டு, நீராவி வுட்டு எடுப்பாங்க. உள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அழுக்கு அதுல போய் ஒட்டிக்கும்." அதற்கு மேல் அவனுக்குக் கார்பனைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது. "கறிய கழுவும்போது உனக்கு ஒரு மாதிரியா இல்லியா?" என்று கேட்டான்.

"இருந்துச்சி. பெருமாளுக்குத் தேங்கா வேண்டிக்கினேன்."

"ஒடச்சியா?"

"நீங்க வந்ததும் ரெண்டு பேரா போய் ஒடைக்கலாம்னு..."

"புருசு!" என்று உள்ளேயிருந்து சின்னப்பொண்ணு குரல் கொடுத்தாள். "வந்ததும் வராததுமா அங்கியே நின்னுகினு கீற! வூட்ல எலி செத்துக் கெடந்துச்சிடா. நாத்தம் போயிடிச்சி, எலிதான் ஆப்டல. நீயாச்சும் கொஞ்சம் தேடிப் பாரு."

புருஷோத்தமன் ரத்னாவைப் பார்த்தான். "ஆப்ட்டுச்சும்மா" என்றான் சத்தமாக. "தொட்டிக்குப் பின்னால கெடந்துச்சாம். தூக்கிப் போட்டாச்சு."

"கோவிந்தா! இப்பதான் மனசு ஆறுது. பெருசாடா?"

அவன் ரத்னா பக்கம் குனிந்து, "பெருசா?" என்று கேட்டான்.

"கால் கிலோ இருக்கும்" என்றாள் ரத்னா.